ஸ்டுடியோ சேலை

அந்தக் கோட்டுக்கு முதுகு கிடையாது. முன்னால் நின்று பார்த்தால் நல்ல கறுப்புக் கோட்டு. சேம்பிலை போல இரண்டு பக்கமும் அகன்ற காலர், மேல் பையில் எட்டிப் பார்க்கும் சிவப்புக் கைக்குட்டை. பின்னால் வந்தால் கழுத்திலிருந்து அடிவரை நடுவில் வெட்டி, இரண்டு ஓரத்திலும் நாடா வைத்துத் தைத்திருக்கும். ஒல்லியானவர் வந்தால் நாடாவை இழுத்துக் கட்டுவோம். தடித்தவர் வந்தால் தளர்த்தி விடுவோம். திங்கள்சந்தையில் ஒரு மாடியில் இருந்த ஸ்டுடியோவில், பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்தபோது முதலில் கையில் வாங்கிய துணி அதுதான். ஸ்டுடியோ சாருடைய சொந்தக் கல்யாணக் கோட்டு. தொப்பை விழுந்த பிறகு அவரே கத்தரியால் முதுகை வெட்டினாராம். “கேமராவுக்கு முன்பக்கம் மட்டும் போதும் பிள்ளே” என்பார். எத்தனையோ பேர் மார்புவரை துரைமார் போலவும், அதற்குக் கீழே மடித்துக் கட்டிய கைலியோடும் அந்த விளக்குகளுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

என் அண்ணனும் நின்றிருக்கிறான். நான் அங்கே வேலைக்குச் சேருவதற்கு முந்தைய வருடம், கல்ஃபுக்குப் போகும் முன்பு எடுத்த படம். கீழே அவன் போட்டிருந்தது பெல்பாட்டம். வெளியூர்களில் அந்தப் பேன்ட் வழக்கொழிந்து போயிருந்த காலம். அண்ணன் மட்டும் விடமாட்டான். நடந்தால் தெருப் புழுதியெல்லாம் அதன் அடியோடு வீட்டுக்குள் வரும். “ஏலே, முற்றத்த நான் தூத்துப் பெருக்காண்டாம், நீ ரெண்டு தடவ அங்கோட்டும் இஞ்சோட்டும் நடந்தா போதும்” என்று அம்மா சொல்வாள். படத்தில் அந்தப் பேன்ட் விழவில்லை. அதில் அவனுக்குப் பெரிய வருத்தம்.

ஸ்டுடியோவின் சாம்பிள் ஆல்பத்தைப் புரட்டுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆட்கள் இல்லாத மத்தியானங்களில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் பக்கங்களில் ஆண்கள் வேட்டியும் மேல்முண்டும், பெண்கள் முழங்கை வரை இறுகிய கை வைத்த ரவிக்கையும் உடுத்தியிருப்பார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது. அடுத்து நைலக்ஸ் சேலைகள் வரும். உடம்போடு ஒட்டிக் கிடக்கும் பெரிய பெரிய பூக்கள், இரட்டைச் சடை. ஆண்களுக்குக் கிருதா காதுக்குக் கீழே இறங்கியிருக்கும், சட்டைக் காலர் தோள் வரை பறக்கும். அதன் பிறகு அரசாங்க வேலைக்காரர்களின் சஃபாரி சூட். ஆல்பத்தின் கடைசியில், பம்பாயிலிருந்து லீவில் வந்த ஒரு நர்ஸ், சுடிதாரில். அவள் படியேறி வந்த அன்று எதிர்க்கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரிடமும் நிமிர்ந்து பேசத் தெரியாத எனக்கு, பேசாமல் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர்களைப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

நான் சேர்ந்த பிறகுதான் அங்கே பெண்களுக்கான துணி வந்தது. அதற்கு முன்னால், உடுத்திவிட ஒரு பெண் இல்லாததால் கோட்டும் டையும் மட்டும்தான். சாருடைய மனைவி ஒரு சேலை வாங்கிக் கொடுத்தார். ரோஸ் நிற ஜார்ஜெட், ஓரத்தில் வெள்ளி ஜிகினா. அதற்குப் பொருத்தமாகத் தோளில் பலூன் போல உப்பிய கை வைத்த ரவிக்கை. அதற்கும் கோட்டைப் போலவே முதுகில் நாடா. முந்தானை மூடிவிடும். கூடவே ஓடாத ஒரு லேடீஸ் வாட்ச், உள்ளே பழைய செய்தித்தாள் திணித்த ஒரு தோள்பை. கல்யாண ஆலோசனைக்குப் படம் எடுக்க வருகிற பெண்களுக்கு நான்தான் உடுத்திவிடுவேன். உடுத்தி முடித்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தும்போது அவர்கள் முகத்தில் வருகிற மாற்றத்துக்காக நான் சம்பளம் இல்லாமலேகூட வேலை செய்திருப்பேன்.

இனி மைனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். கல்யாணம் முடிந்து ஆறே மாதத்தில் அண்ணன் கல்ஃபுக்குப் போய்விட்டான். அம்மா, நான், மைனி மூன்று பேரும்தான் வீட்டில். மைனிக்கு என்னைவிட மூன்று வயதுதான் கூடுதல். நான் வெட்கத்தில் பேசமாட்டேன், அவள் மரியாதைக்குப் பேசமாட்டாள். முதல் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் பாத்திரம் விழும் சத்தம்தான் கேட்கும் என்று அம்மா பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னாள். ஒருநாள் நான் ஸ்டுடியோவில் நடப்பதையெல்லாம் நடித்துக் காட்டினேன். கோட்டு போட்டுக்கொண்டு, முதுகில் நாடா தொங்க, கடைசிப் பேருந்தைப் பிடிக்க அப்படியே தெருவில் இறங்கி ஓடிய ஒரு பெரியவரைப் போல நடித்தபோது மைனி சிரித்துச் சிரித்து அடுக்களைச் சுவரில் சாய்ந்துவிட்டாள். அன்றிலிருந்து நாங்கள் ஒன்றாகிவிட்டோம்.

அப்போது எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. கல்ஃபிலிருந்து கணவன் அனுப்பிய சேலை வந்து சேர்ந்தால், அதை உடுத்தி ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்ப வேண்டும். சேலை கிடைத்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அவனோடு அறையில் இருப்பவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். லீவுக்கு வருகிறவர் கையில் சேலை வரும், லீவு முடிந்து போகிறவர் கையில் படம் போகும். அண்ணன் முதலில் அனுப்பியது பச்சையில் வெள்ளைப் புள்ளி. அடுத்தது ஒரு காப்பிக்கலர் சேலை. கல்லைப் போலக் கனம், கசங்கவே கசங்காது. அந்தக் காப்பிக்கலர் சேலையை உடுத்திக்கொண்டு மைனி ஸ்டுடியோவுக்கு வந்த நாளைத்தான் நான் இத்தனை வருடமாகத் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சார் அந்தச் சேலையில் ஒரு படம் எடுத்தார். மைனி இறங்கப் போனாள். நான்தான் அவள் கையைப் பிடித்தேன். அந்த ரோஸ் சேலையை ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் உடுத்திவிட்டிருக்கிறேன், என் மைனிக்கு உடுத்திப் பார்க்கவில்லையே என்று ஆசை.

“வேண்டாம் கேட்டியா, எனக்கு நாணமா இருக்கு. இது சினிமாக்காரி உடுத்துகது” என்றாள் மைனி.

“ஒரே ஒரு படம் மைனி. நமக்கு மட்டும்” என்றேன்.

உடுத்திவிட்டேன். ரவிக்கை நாடாவை இழுத்துக் கட்டினேன். வாட்சைக் கட்டிவிட்டு, பையையும் தோளில் மாட்டிவிட்டேன். மைனி கண்ணாடியைப் பார்த்தாள். பலூன் கையை விரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்து, நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

படங்கள் கழுவி வந்தபோது, காப்பிக்கலர் சேலைப் படத்தில் மைனி கண்ணை மூடியிருந்தாள். ரோஸ் சேலைப் படம் அப்படியே மகாராணி. மறுநாள் காலையில் அடுத்த தெரு அண்ணாச்சி லீவு முடிந்து திருவனந்தபுரத்துக்குப் போய் விமானம் ஏறுகிறார். திரும்ப எடுக்க நேரம் இல்லை. மைனி தன் கடிதத்தை ஏற்கெனவே எழுதி ஒட்டி வைத்திருந்தாள். புருஷனுக்கு எழுதிய கடிதம், அதைப் பிரிக்கச் சொல்ல எனக்குக் கூச்சம். ரோஸ் சேலைப் படத்தைத் தனியாக ஒரு கவரில் போட்டு, மேலே அண்ணன் பெயரைத் தவிர ஒரு வரிகூட எழுதாமல், கடிதத்தோடு சேர்த்து அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். ‘ஸ்டுடியோ சேலை’ என்ற இரண்டு வார்த்தை. அதை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அண்ணன் பார்த்து மகிழ்ந்து போவான் என்பதைத் தவிர வேறு எதுவும் அன்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மைனிக்கு அல்ல, அம்மாவுக்கு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் உரக்கப் படிப்பேன். அம்மா முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மைனி கதவில் சாய்ந்து நின்றாள், சிரித்த முகத்தோடு. நலம் விசாரிக்கும் வரிகளைப் படித்தேன். அடுத்த வரியைக் கண் முதலில் பார்த்துவிட்டது. தாளை மடிக்கப் போனேன்.

“என்னட்டி, வாசி” என்றாள் அம்மா.

நான் படித்தேன். படிக்காமல் இருக்கவோ, ஏதாவது மாற்றிச் சொல்லவோ எனக்குச் சாமர்த்தியம் இல்லை. ‘படத்தில் அவள் உடுத்தியிருக்கும் சேலையை நான் அனுப்பவில்லை. அதை யார் வாங்கிக் கொடுத்தது? கையில் கட்டியிருக்கும் வாட்ச் யாருடையது? அறையில் எல்லாரும் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்ல?’

மைனி கதவிலிருந்து நகரவில்லை. சிரிப்பு மட்டும் முகத்தில் பாதியாக அப்படியே இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாததைப் போல. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“இவனுக்கு மண்டைக்கு வழியில்லாம போச்சா? ஏட்டி, இப்பவே எழுது. நீயாக்கும் உடுத்திவிட்டதுன்னு எழுது. அம்மை சொன்னான்னு எழுது.”

எழுதினேன். நான்கு பக்கம். கடிதம் போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம். அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் பெரிய சத்தமாகப் பேசவில்லை. பதில் வந்தது. ‘எனக்குக் கோட்டு கொடுத்த ஸ்டுடியோதானே அது? அங்கே சேலை கொடுக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். எல்லாரும் சேர்ந்து மூடி மறைக்க வேண்டாம்.’ அவன் போகும்வரை அங்கே சேலை இல்லை என்பது உண்மைதான். தான் பார்த்த ஸ்டுடியோவை அவன் நம்பினான், எங்களை நம்பவில்லை.

எனக்கு ஒரு வழி தோன்றியது. அதே சேலையில் வேறு பெண்கள் இருக்கிற படங்களை அனுப்பினால் தீர்ந்தது. ஸ்டுடியோ சாரிடம் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உனக்க கஷ்டம் எனக்குத் தெரியும் பிள்ளே. ஆனா ஊராம் வீட்டுப் பொண்ணுகளுக்க படம் கல்ஃபில ஆம்பிளையளுக்க ரூமுக்குப் போகப்பிடாது. இதே மாதிரி அதுகளுக்கும் ஒரு கேள்வி வந்தா?” அவர் சொன்னது நியாயம். “வேணும்னா நீயே உடுத்தி நில்லு. நான் எடுத்துத் தாறேன்” என்றார்.

அதுவரை நான் அந்த விளக்குகளுக்கு முன்னால் நின்றதே இல்லை. அதே ரோஸ் சேலை, அதே பலூன் கை, அதே வாட்ச், அதே பை. எனக்கு நாடா கட்டிவிட ஆள் இல்லை. சாருடைய மனைவி வீட்டிலிருந்து வந்து கட்டிவிட்டார். “சிரி பிள்ளே” என்றார் சார். முடியவில்லை. அந்தப் படத்தோடு, ‘அண்ணா, பார், இது யார் வேண்டுமானாலும் உடுத்துகிற சேலை’ என்று எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் மிகவும் சின்னது. ‘இப்போது நீயும் அதே சேலையில் நிற்கிறாய். யார் கொடுத்தது என்று இனி நான் கேட்கப் போவதில்லை. அவளும் நீயும் இனி அந்தப் படி ஏற வேண்டாம்.’

அத்தோடு என் ஸ்டுடியோ வேலை முடிந்தது. எனக்கு அது பெரிதல்ல. மைனியைப் பார்ப்பதுதான் கஷ்டம். காப்பிக்கலர் சேலையையும் பச்சைச் சேலையையும் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். அம்மாவுடைய பழைய வாயில் சேலைகளையே மாற்றி மாற்றி உடுத்தினாள். கோயில் கொடை விழாவுக்கும் அதுதான், கல்யாண வீட்டுக்கும் அதுதான். என்மேல் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. ஒருமுறை கிணற்றடியில் வைத்து நானே கேட்டேன், “என்னை ரெண்டு ஏசு ஏசும் மைனி.” வாளியை இழுத்துக்கொண்டே சொன்னாள், “உன்ன ஏசினா அது இல்லன்னு ஆயிருமா மக்கா?”

இரண்டு வருடம் அப்படியே போயிற்று. அண்ணன் வந்தான். முழங்கால் வரை தொளதொளத்துக் கணுக்காலில் ஒடுங்கிய பேகி பேன்ட், எழுத்துப் போட்ட பனியன் சட்டை, தங்க நிறக் கண்ணாடி. போகும்போது இருந்த பெல்பாட்டம் தலைகீழாகத் திரும்பி வந்தது போல இருந்தது. எல்லாரிடமும் சிரித்துப் பேசினான். மைனியிடமும் பேசினான், கடையில் தெரிந்தவரிடம் பேசுவதைப் போல. ஒரு வாரம் கழித்து மூவரும் நாகர்கோவிலுக்குப் போகத் திங்கள்சந்தையில் பேருந்துக்கு நின்றோம். ஸ்டுடியோ படிக்கட்டின் அடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. வருகிறவர்கள் பார்ப்பதற்காக, வீட்டாரின் சம்மதத்தோடு சார் சில படங்களை அதில் வைப்பார். அண்ணன் சும்மா அதன் பக்கம் போனான். உள்ளே மூன்று படங்களில் மூன்று பெண்கள். மூன்று பேரும் ரோஸ் ஜார்ஜெட், பலூன் கை, வாட்ச், பை. ஒருத்தி எங்கள் தெருவில் பால் கொண்டுவருகிறவளின் மகள்.

மைனியின் கை என் கையைத் தேடி வந்து பிடித்தது. இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று இருவரும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணன் நெடுநேரம் பார்த்தான். “ஓ” என்றான். பிறகு, “நாகர்கோவில் வண்டி வருகு, ஏறுங்கோ” என்றான்.

அன்று நாகர்கோவிலில் ஜவுளிக்கடைக்குள் கூட்டிப் போய் மைனிக்கு ஒரு மாம்பழக் கலர் பட்டு எடுத்துக் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன். மைனியும் வாங்கிக்கொண்டாள். பிறகு அவர்கள் எல்லாரையும் போலத்தான் வாழ்ந்தார்கள். மகள் பிறந்தாள். அண்ணன் இன்னும் இரண்டு தடவை போய் வந்து, பிறகு ஊரிலேயே தங்கிவிட்டான். அவனைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். அறையில் பத்துப் பேருக்கு நடுவில் அந்தப் படத்தைப் பிரித்தபோது அவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் யோசித்திருக்கிறேன். ஆனால் ‘தப்பா நினைச்சிட்டேன்’ என்ற ஒரு வார்த்தையை இன்றுவரை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

சென்ற மாதம் அண்ணன் மகள் திருவனந்தபுரத்திலிருந்து வந்தாள். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஆபீஸில் ‘ரெட்ரோ டே’ வைத்திருக்கிறார்களாம். எல்லாரும் பழைய காலத்து உடுப்பில் வர வேண்டுமாம். ஆண்கள் எங்கெங்கேயோ அலைந்து பெல்பாட்டம் தைக்கிறார்களாம். அப்பாவின் தங்கையை எங்கள் பக்கம் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். “மாமி, நீதான் எனக்கு உடுத்திவிடணும். அந்த பஃப் கை வேணும், ஜார்ஜெட் வேணும்” என்று என்னை அண்ணன் வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள். மைனி கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அண்ணன் முன்னறையில் தொலைக்காட்சிக்கு எதிரே, கைலியும் பனியனுமாக.

அண்ணன் மகள் அலமாரியைத் திறந்து மைனியின் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். பச்சையில் வெள்ளைப் புள்ளி. கனத்த காப்பிக்கலர். மகளின் முதல் பிறந்தநாள் காலத்து ஆர்கன்சா. கொஞ்ச காலம் எல்லாரும் உடுத்திய, கண்ணாடி பதித்த வடநாட்டுச் சேலை. வேட்டி மாதிரி விறைத்து நிற்கும் சணல்பட்டு. மடிப்பைப் பிரித்ததும் அதிலிருந்து ஒரு துண்டுத் தாள் விழுந்தது. அடுத்ததிலும் இருந்தது. எல்லாச் சேலையிலும் இருந்தது. மைனியின் குண்டு குண்டான கையெழுத்து.

‘மகள் முதல் சம்பளத்தில் எடுத்தது.’ ‘எனக்க அண்ணன் வீடு பால்காய்ப்புக்கு எடுத்துத் தந்தது. அண்ணன் மனைவியும் கூட வந்தாள்.’ ‘பொங்கல். இவர் எடுத்தது.’

“ஐயோ, என்ன கியூட்!” என்றாள் அண்ணன் மகள். “அம்மா, நீ எவ்வளவு ஆர்டரா வச்சிருக்கே! மாமி பாத்தியா? ஒவ்வொரு சேலைக்கும் ஒரு ஹிஸ்டரி!” போனை எடுத்து ஒவ்வொரு தாளையும் படம் பிடித்தாள். ஆபீஸில் காட்ட வேண்டுமாம்.

நான் மாம்பழக் கலர் பட்டைக் கையில் எடுத்தேன். அதிலிருந்த தாள் மடித்த இடத்தில் பழுத்துக் கிழிந்திருந்தது. ‘இவரே எடுத்துத் தந்தது. நாகர்கோவில். நாத்தனாரும் பார்த்தாள்.’

நாத்தனார் நான்தான். முப்பது வருடத்துக்கு மேலாக, எனக்கே தெரியாமல், அந்த அலமாரிக்குள் நான் சாட்சியாக இருந்திருக்கிறேன். மைனியைப் பார்த்தேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிறுவயதில் நான் எழுதாமல் விட்ட அந்த இரண்டு வார்த்தைக்காக இவள் இத்தனை தாள் எழுதியிருக்கிறாள். அந்தப் பெண்ணிடம் ‘இது ஹிஸ்டரி இல்லை மக்கா’ என்று சொல்லலாமா? சொல்லி என்ன ஆகும்? முன்னறையில் இருப்பவன் அவளுக்கு நல்ல அப்பா.

கடைசியில் அவளுக்குப் பச்சையில் வெள்ளைப் புள்ளிதான் பிடித்தது. உடுத்திவிட்டேன். அவளுக்கு மிகவும் பொருந்தியது. முன்னறைக்கு ஓடிப்போய் அப்பாவுக்கு முன்னால் சுற்றிக் காட்டினாள். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தான். “கொள்ளாமே மக்கா, நல்லா இருக்கு! இது யாரு வாங்கித் தந்தது?” என்றான், சும்மாதான்.

“நீங்க மொதல்ல அனுப்பினது” என்று மைனி உள்ளேயிருந்து உடனே சொன்னாள். “அடுத்த தெரு அண்ணாச்சி கையில குடுத்து விட்டியளே. அம்மையும் இருந்தா, அவதான் வாங்கி எனக்க கையில தந்தா.”

“ஆமா, ஆமா” என்றான் அண்ணன். தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மகள் சேலையை அவிழ்த்து மடித்துப் பையில் வைத்தாள். மைனி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். கட்டில் ஓரத்தில் வைத்து எழுதினாள். எழுதி முடித்து, எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று என்னிடம் ஒருமுறை காட்டினாள். ‘பச்சைச் சேலை மகள் கொண்டு போனது. ஆபீஸுக்கு. அவள் மாமி உடுத்திவிட்டாள்.’

“சரியா இருக்கு மைனி” என்றேன்.

சேலை இருந்த இடத்தில் அந்தத் தாளை வைத்து, அலமாரியை மூடினாள்.